வாரம் ஒரு மணி நேரம்

பருத்தி விளைவிப்பவருக்குத் தறிமேடையின் கஷ்டம் தெரிவதில்லை. தறியில் அமர்ந்திருப்பவருக்குப் பருத்திக் காட்டின் கஷ்டம் தெரிவதில்லை. ஒரே ஊரில் வாழ்ந்து, ஒரே சந்தைக்குப் போய்வந்தும் இவ்விதம் இருந்து வருகிறது. இக்குறையை நீக்கும் பொருட்டு ரோட்டரி சங்கத்தார் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வரும் ஒரு வழக்கத்தை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். “பட்டணத்துத் தனவந்தர்கள் கூடிப் பகலுணவு உண்ணும் சங்கந்தானே அது? நமக்கு அதில் என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. அதற்குப் பின்னர் வருவோம்.

1905-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 23-ஆம் தேதியன்று, அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் தம் நண்பர் மூவருடன் ஓர் அலுவலக அறையில் கூடினார். அம்மூவரில் ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், மற்றவர் தையற்கடைக்காரர். பெருநகரத்தில் அண்டை அயலாரை அறியாது தனித்து வாழும் நிலையை மாற்றவேண்டும் என்பதே ஹாரிஸின் எண்ணம். ஒருவர் அலுவலகத்தில் ஒருமுறை, அடுத்தவர் அலுவலகத்தில் அடுத்தமுறை என்று சுற்றிச் சுற்றிக் கூடியமையால், சுழல்வது எனப் பொருள்படும் ‘ரோட்டரி’ என்ற பெயர் அதற்கு வாய்த்தது. தொழிலுக்கு ஒருவர் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட விதி. சென்னையில் 1929-இல் இச்சங்கம் தோன்றியது.

தொடக்கத்தில் அச்சங்கத்தார் தமக்குள் வியாபாரத்தைப் பெருக்கிக்கொள்வதிலேயே கருத்தாக இருந்தனர். எந்த அங்கத்தினர் எவருக்கு எவ்வளவு வியாபாரம் தேடித்தந்தார் என்று கணக்கெழுதுவதற்குத் தனியே ஓர் அலுவலரையும் வைத்திருந்தனர்! 1906-இல் டொனால்ட் கார்ட்டர் என்பவரைச் சேருமாறு அழைத்தபோது, தன் அங்கத்தினருக்கன்றி ஊருக்கு எப்பயனும் விளைக்காத சங்கம் நீடித்து நில்லாது என்று அவர் முகத்துக்கு நேரே கூறிவிட்டார். அவர் கூற்றைப் புறக்கணியாமல், ஊர்த்தொண்டையும் நோக்கங்களுள் ஒன்றாகச் சேர்த்து, அவரையும் அங்கத்தினராக்கிக்கொண்டனர். 1907-இல் நகரத்தில் பொதுக் கழிப்பிடம் கட்டுவிக்க முயன்றதே அவர்களுடைய முதல் தொண்டு. அதற்கும் எதிர்ப்பு எழுந்தது! கழிப்பிடத்தைச் சாக்காகக்கொண்டு உள்ளே வருபவர்கள் குறைந்துவிடுவார்களே என்று மதுக்கடைக்காரர்களுக்குக் கவலை.

நிற்க. நாம் சொல்ல வந்தது வாராந்தரக் கூட்டத்தைப் பற்றி. அதன் நடைமுறை பெரும்பாலான ஊர்களில் ஒரே மாதிரியானது. குறித்த நேரத்தில் தலைவர் மணியை அடிப்பார். உணவு முடியும், பிற ஊர்ச் சங்கங்களிலிருந்து வந்தோரை அறிமுகம் செய்வர், ஓரிரு அறிவிப்புகள் படிக்கப்பெறும். பிறகு விருந்தினராக வந்த பேச்சாளர் எழுந்து ஏறத்தாழ இருபது நிமிஷம் பேசுவார். மருத்துவர், நீதிபதி, காவல்துறை அதிகாரி, பள்ளி ஆசிரியர், பூச்சியியல் அறிஞர் என எவரேனும் ஒருவர். கேள்விகள் சில கேட்கப்பெறும். நன்றியுரை கூறியபின் மறுபடியும் மணி அடிக்கும். எவ்வளவு பெரிய பேச்சாளராயினும் மணிக்கு அடங்கியே தீரவேண்டும். மேடை கிடைத்தால் இறங்க மனமில்லாதவர் மலிந்த நம் நாட்டில் இந்த ஒரு வழக்கத்தையாவது உடனே எடுத்துக்கொள்ளலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

எல்லாப் பேச்சும் பயனுடையதாக அமைந்துவிடுவதில்லை. தம் சரக்கை விற்க வருவோரும் உண்டு. உண்ட களைப்பில் கண்ணயரும் அங்கத்தினரும் உண்டு. ஆயினும் ஆண்டு முழுதும் தவறாது வருபவர் காதில், தம் தொழிலுக்குப் புறம்பான நாற்பது ஐம்பது விஷயங்கள் விழுந்துவிடுகின்றன. வராதவர் வேறோர் ஊர்ச் சங்கத்தின் கூட்டத்திற்குப் போய் அக்குறையை ஈடு செய்துகொள்ளலாம் என்ற ஏற்பாடும் இருந்து வந்தது. வாரந்தோறும் கூடியே ஆகவேண்டும் என்ற கட்டுப்பாடு 2016-இல் தளர்த்தப்பட்டு, மாதம் இருமுறை கூடினாலும் போதும் என்றாயிற்று.

வெளிப் பேச்சாளரைக் காட்டிலும் நம் மனத்தைக் கவர்ந்தது மற்றொரு வழக்கம். புதிதாகச் சேர்ந்த அங்கத்தினர் ஒருநாள் எழுந்து தம் தொழிலைப் பற்றித் தாமே பேசவேண்டும். அச்சகத்தார் அச்சுத் தொழிலைப் பற்றியும், மருந்துக் கடைக்காரர் மருந்து வாணிகத்தைப் பற்றியும் கூறுவர். லாப நஷ்டம் எங்கே உண்டாகிறது, வாடிக்கைக்காரர் எதை அறியாமல் குறை கூறுகின்றனர் என்பதெல்லாம் அப்போது வெளியாகும். பட்டணத்திலிருந்து பேச்சாளர் வரவேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. உட்கார்ந்திருப்பவருள் ஒவ்வொருவரும் ஒரு பேச்சாளரே.

இனி முதலில் விட்டுவைத்த கேள்விக்கு வருவோம். தொழிலுக்கு ஒருவர் என்று முன்னர் இருந்த விதியைக் கைத்தறிக்குப் பொருத்திப் பாருங்கள். ஜவுளி வணிகர் அந்த நாற்காலியில் அமர்வார். பாவு பிணைப்பவருக்கும் நெய்பவருக்கும் அங்கே இடம் இராது. சந்தாவும் பகலுணவுச் செலவும் கூலிக்காரரை வாசலிலேயே நிறுத்திவிடும். பெண்களுக்கோ, அமெரிக்க உச்சநீதிமன்றம் 1987-இல் தீர்ப்பளித்த பிறகு, 1989-இல்தான் உலகெங்கும் கதவு திறந்தது. ஆகவே அச்சங்கத்தை அப்படியே நகல் செய்யுமாறு நாம் கூறவில்லை. ஆனால் அறிஞரை அழைத்துக் கேள்வி கேட்கும் உரிமை சந்தா கட்ட வல்லவருக்கு மட்டும் உரியதா? 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கூட்டுறவுக் கடை திறந்த 28 பேரில் நெசவாளர் பலர் இருந்தனர். அவர்கள் கடையோடு படிப்பகமும் வைத்தனர். உபரியில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். கேட்டறியும் பழக்கம் நம் இயக்கத்துக்கு அயலானதன்று.

நம் சங்கங்களிலோ அங்கத்தினர் ஒருங்கே கூடுவது பெரும்பாலும் ஆண்டு மகாசபையில்தான். காரியதரிசி வரவுசெலவைப் படிப்பார், கைகள் உயரும், தீர்மானம் நிறைவேறும். நூல் விலை ஏன் ஏறியது, நெய்த சேலை ஏன் கிடங்கில் தேங்கியது, தணிக்கையாளர் குறிப்பின் பொருள் என்ன என்று கேட்க எண்ணியவர் கூச்சத்தால் வாய் திறவாமல் வீடு திரும்புவார். ஆண்டுக்கு ஒருமுறை பேசுபவருக்குக் கூச்சம் எப்படித் தெளியும்? கேள்வி கேளாத அங்கத்தினரின் பங்குத் தொகையில் தவறு நேர்ந்தால், அது சங்கம் முடங்கும் நாளில்தான் தெரியவரும். அப்படி முடங்கிய சங்கங்கள் உண்டு என்பதை நம் வாசகர்கள் அறிவர்.

ஆதலின் வாரம் ஒருமுறை இயலாவிடினும், கூலி பட்டுவாடா நாளில், மாதம் இருமுறை, மாலையில் ஒரு மணி நேரம் கூடலாம் என்பது நம் யோசனை. எப்படியும் அன்று எல்லோரும் சங்கத்துக்கு வருகிறார்கள். ஒருமுறை மத்திய கூட்டுறவு வங்கியின் மேற்பார்வையாளரை அழைத்து வட்டிக் கணக்கை விளக்கச் சொல்லலாம். ஒருமுறை சாயமிடுபவர் பேசட்டும். கழிவுநீரைப் பற்றி அவரைக் கேட்க விவசாயிகளிடம் நிறையக் கேள்விகள் இருக்கும். இழை நீளம் குறைந்த பருத்தியில் நூற்ற நூல் பாவில் எப்படி அறுந்து போகிறது என்பதை நெய்பவர் ஒருவர் அறுந்த நூலைக் கையில் ஏந்திக் காட்டட்டும்; மறுமுறை, அந்த ரகத்தைத்தான் பயிரிட நேர்ந்த காரணத்தை விளைவித்தவர் சொல்லட்டும். தார் சுற்றும் பெண்களையும் பேச அழைக்கவேண்டும்; அவர்கள் கைபடாத நூல் தறிக்கு வருவதில்லை.

செலவு தேநீருக்கும் ஒரு மணிக்கும் ஆவதுதான். பேச வருபவருக்கு மாலை வேண்டாம். சங்கத்தில் நெய்த துண்டு ஒன்று கொடுத்தால் போதும், நெய்தவர் பெயரையும் சொல்லிக் கொடுக்கலாம். கட்சிப் பேச்சுக்கு இடமில்லை என்று முதல் நாளே எழுதி ஒட்டிவிடுவது நல்லது. இவ்வழக்கத்தைத் தொடங்கும் சங்கங்கள், பேச்சாளரிடம் அங்கத்தினர் கேட்ட கேள்விகளை எழுதி நமக்கு அனுப்பினால், விடைகளோடு இவ்விதழில் வெளியிடுவோம். பேச்சைச் சுருக்கி அனுப்ப வேண்டியதில்லை. கேள்விகள் மட்டும் போதும்.