மாதிரி விமானம் அமைத்தல்

ஒரு பொறியைச் சிற்றுருவில் அமைத்துப் பார்ப்போன் அதன் உறுப்புக்களையும் வரலாற்றையும் ஒருங்கே அறிகின்றான். 1935 ஆம் ஆண்டில் முதன்முதற் பறந்து, 1942 ஏப்ரல் 5 ஆம் நாள் கொழும்பு வானிற் போரிட்ட ஹரிக்கேன் விமானத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் இறக்கைகளின் மொத்த நீளம் 40 அடி. 1/72 என்னும் அளவுத்திட்டத்தில் ஆறடி ஓர் அங்குலமாகச் சுருங்கும். ஆகவே மாதிரியின் இறக்கைகள் ஏறக்குறைய 6⅔ அங்குலமே.

புதிதாகப் பயில்வோன் முதற்கண் உணரவேண்டுவது வேலையின் ஒழுங்காகும். விமானத்தின் உடல் இரு பாதிகளாக வார்க்கப்பட்டிருக்கும். அவற்றைப் பொருத்துமுன் விமானியின் இருக்கையறைக்கு வண்ணந் தீட்டுதல் வேண்டும். பொருத்தியபின் தூரிகை உள்ளே செல்லாது. இதற்குரிய பசை, பிளாஸ்டிக் விளிம்புகளைச் சிறிதே கரைத்து ஒன்றாக்குகின்றது. மிகுதியாக இட்டாற் புறப்பரப்பும் கரைந்து வடுப்படும்.

மேற்புறத்தில் மண்ணிறத்தை முதலிலும் கரும்பச்சையைப் பின்னரும் தீட்டுதல் எளிது. வெளிறிய நிறத்தை இருண்ட நிறம் நன்கு மறைக்கும். ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாய் இருத்தல் வேண்டும். ஒன்று நன்கு உலர்ந்த பின்னரே மற்றொன்றைப் பூசுதல் வேண்டும்.

இதற்குத் தக்க காரணம் உண்டு. ஹரிக்கேனின் பின்னுடல், சட்டத்தின்மேற் துணி போர்த்து அமைக்கப்பட்டது. துணிக்கு அடியிலுள்ள மரக்கீற்றுக்கள் மாதிரியில் நுண்ணிய வரிகளாகத் தோன்றும். துணிபோர்த்த விமானங்களின் காலம் முடிவுற்று முழு உலோக விமானங்களின் காலம் தோன்றியமைக்கு அவ்வரிகளே சான்று. அவசரக்காரனின் தடித்த வண்ணம் அச்சான்றை அழித்துவிடும். பொறுமையுடையோனின் மெல்லிய பூச்சு அதனைக் காத்துநிற்கும்.