‘பொக் சோய்’ பிழையா? சீனப் பெயர்கள் எங்கள் கடைக்கு வந்த வழி

லொங்குய்ய். இந்த ஊரின் பெயரை எங்கட சனம் எத்தனை விதமாகச் சொல்லும் என்று எண்ணப் போனால் ஒரு கை விரல் காணாது. லோங்குயில், லாங்கேல், லொங்கே... புதிதாக வந்தவர் பெயர்ப்பலகையில் உள்ள எழுத்தை அப்படியே வாசிப்பார். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை, “அப்பா, அது அப்பிடி இல்லை” என்று திருத்தும். இந்தப் பெயரும் இந்த மண்ணில் முளைத்ததல்ல. நோர்மண்டிப் பகுதியின் தியெப் துறைமுகத்தில் பிறந்த சார்ல் லு முவான், 1657இல் தனக்குக் கிடைத்த காணிக்குத் தன் சொந்தப் பகுதியின் ஊர்ப்பெயர் ஒன்றைச் சூட்டினார். அவரும் ஒரு புலம்பெயர்ந்தவர்தான்.

பெயர்ச் சிக்கல் ஊரோடு நிற்பதில்லை. லொங்குய்யிலும் பக்கத்து புரொசாரிலும் உள்ள ஆசிய மரக்கறிக் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு கடையில் ‘பொக் சோய்’, இன்னொன்றில் ‘பாக் சோய்’. நீளமான சீனக் கோவாவின் மேல் பிரெஞ்சில் ‘பே-த்சாய்’ என்று எழுதியிருக்கும். கைப்பேசியில் தேடும் பிள்ளை, “சீன மொழியில அது பாய்-த்சாய். எல்லாரும் பிழையாத்தான் சொல்லுறாங்கள்” என்று தீர்ப்பும் வழங்கிவிடும். இணையத்தில் இப்படியான பட்டியல்கள் நிறைய உண்டு: நீங்கள் பிழையாக உச்சரிக்கும் பத்துச் சீனப் பெயர்கள், சரியான உச்சரிப்பு இதோ!

அந்தப் பட்டியல்களை முழுதாக நம்பவேண்டியதில்லை. அவற்றில் பிழை என்று காட்டப்படுபவற்றில் பல, பிழையே அல்ல.

முதலில் பொக் சோய். ‘பாய்-த்சாய்’ என்பது மண்டரின், அதாவது பீஜிங் பேச்சை அடிப்படையாகக் கொண்ட அரச மொழி. தெற்கே குவாங்டொங் மாகாணத்தில் பேசப்படுவது கன்ரனீஸ். அதில் இதே சொல் ‘பாக்-சோய்’. இரண்டிலும் எழுத்து ஒன்று, பொருளும் ஒன்று: வெள்ளைக் கீரை. பிரெஞ்சுக்காரரின் ‘பே-த்சாய்’ கூட அதே சொல்லின் இன்னொரு பேச்சுவடிவம்தான். கம்குவாட் என்ற சின்னத் தோடம்பழமும் அப்படியே. கன்ரனீஸில் ‘கம்-குவட்’, மண்டரினில் ‘ஜின்-ஜூ’. பொன்னிறத் தோடை என்பது பொருள்.

அப்படியானால் கனடாவின் கடைகளில் ஏன் தெற்குப் பேச்சு? இங்கே முதலில் வந்த சீனர்கள் பெரும்பாலும் குவாங்டொங்கின் தைஷான் பகுதி மக்கள். கனடிய பசிபிக் ரயில் பாதையை மேற்கு மலைகளில் போட்ட கைகள் அவர்களுடையவை. பாதை முடிந்த 1885ஆம் ஆண்டிலேயே சீனர் ஒருவர் நாட்டுக்குள் வர 50 டொலர் தலைவரி விதித்தார்கள். 1903இல் அது 500 டொலர் ஆனது. 1923 தொடக்கம் 1947 வரை சீனர் வருவதையே சட்டம் போட்டு அநேகமாக முற்றாகத் தடுத்தார்கள். மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிட முடியாமல் சலவைக் கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் தனியாகக் கிழடுதட்டிப் போனவர்கள் எத்தனையோ பேர். மொன்றியலின் சீனத் தெருவும் அந்த மனிதர்களால் எழுந்ததுதான். ‘பொக் சோய்’ என்பது அவர்களின் வாய்ச்சொல். அதைப் பிழை என்று திருத்தி மண்டரினைப் போடுவது, அவர்களை இன்னொருமுறை வாசலில் நிறுத்துவது போன்றது.

இனி எங்கள் நாக்குக்கு வருவோம். சீனச் சொற்களை ஆங்கிலக்காரரைவிடத் தமிழர் நன்றாகச் சொல்லக்கூடிய இடங்கள் சில உண்டு. ‘பால்’ என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் ‘ப’வில் மூச்சுக் காற்று தள்ளாது. பொக் சோயின் முதல் எழுத்தும் அப்படித்தான். ஆங்கிலக் காதுக்கு அது இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் விழுவதால் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். தமிழருக்கு அந்தக் குழப்பமே இல்லை.

தேயிலையும் அதே கதை. பூஜியன் கரையோரத்து ஹொக்கியன் பேச்சில் அதன் பெயர் ‘தே’. அங்கிருந்து ஒல்லாந்தர் கப்பலில் சொல்லும் சரக்கும் ஐரோப்பா போயின. மக்காவுவில் வாங்கிய போர்த்துக்கேயருக்கு அது ‘சா’. தரைவழியாகப் பாரசீகம் போனது ‘சாய்’ ஆனது. மலையாளியின் சாயா அந்த இரண்டாவது குடும்பம். எங்கள் தேத்தண்ணி முதல் குடும்பம். கியூபெக்கில் பிரெஞ்சுக்காரர் கேட்கும் ‘தே’யும் அம்மம்மாவின் தேத்தண்ணியில் உள்ள ‘தே’யும் கிட்டத்தட்ட ஒரே ஒலி. “ரீ” என்று நாகரிகமாகச் சொல்பவரைவிட அம்மம்மாவே பூஜியனுக்குக் கிட்ட நிற்கிறா.

லோங்கன் பழத்தை எடுங்கள். கன்ரனீஸில் ‘லுங்-ஙான்’. பொருள், வலுசர்ப்பத்தின் கண். ஓடு உரித்தால் வெள்ளைச் சதைக்குள் கறுப்பு விதை கண்மணிபோல் தெரியும். மலேசியாவில் அதன் உறவுப் பழத்துக்கு ‘மாத்தா கூச்சிங்’, பூனைக் கண், என்று பெயர். சொல்லின் இரண்டாம் பகுதி ‘ங’வில் தொடங்குவது ஆங்கிலக்காரருக்குப் பெரும் கஷ்டம். அரிச்சுவடியில் நாங்கள் மனப்பாடம் செய்துவிட்டு ஒரு சொல்லின் தொடக்கத்திலும் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் ‘ங’வுக்கு இங்கே வேலை கிடைக்கிறது.

லைச்சிக்குத் தமிழ்க் கரையோடும் ஒரு தொடர்பு உண்டு. கன்ரனீஸில் ‘லாய்-ஜீ’ என்று வரும் அந்தப் பெயரைத் தாவரவியலுக்குள் ‘லிச்சி’ என்று கொண்டுபோனவர் பியர் சொனெரா. இந்தியாவிலும் சீனாவிலும் பயணம் செய்து 1782இல் நூல் வெளியிட்ட பிரெஞ்சுக்காரர். பின்னர் பல ஆண்டுகள் பாண்டிச்சேரியில் வாழ்ந்தவர். கியூபெக் கடைகளில் இன்றும் அந்தப் பிரெஞ்சு வடிவம்தான்.

எங்கள் ஊருக்கு மிகக் கிட்ட நடந்த கதை ஜின்செங்கினுடையது. மண்டரினில் ‘ரென்-ஷென்’ என்று எழுதுவார்கள். ஆனால் அந்த முதல் எழுத்து எங்கள் ‘ர’ அல்ல. நாக்கை மேலே வளைத்துச் சொல்லும் அந்த ஒலிக்கு மிக நெருக்கமானது தமிழ் ‘ழ’. ‘ழ’ சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்தது. ‘ரென்’ என்றால் மனிதர். கால் விரித்து நிற்கும் ஆளைப் போன்ற வேர் என்பதால் அந்தப் பெயர். சீனாவில் இருந்த யேசுசபைப் பாதிரியார் ஜார்து 1711இல் எழுதிய கடிதத்தில் அது ‘ஜின்-செங்’ ஆகி ஐரோப்பாவுக்குப் போனது.

அந்தக் கடிதத்தை வாசித்த இன்னொரு பாதிரியார் லாஃபிதோ, இதே தென்கரையில், இன்று கானவாகே எனப்படும் மோஹாக் மக்களின் குடியிருப்பில் இருந்தார். கடிதத்தில் சொன்ன மாதிரியான காடு இங்கேயும் இருக்கிறதே என்று தேடினார். 1716இல் செடி கிடைத்தது. அது தங்கள் வழக்கமான மருந்துகளில் ஒன்று என்று மோஹாக் பெண்ணொருவர் சொன்னார். மோஹாக் மொழியில் அதற்கிருந்த பெயரும் மனிதக் கால்களைக் குறிப்பது என்று அறிந்தபோது லாஃபிதோ திகைத்துப்போனார். ஆசியாவும் அமெரிக்காவும் ஒருகாலத்தில் நிலத்தால் இணைந்திருந்தன என்பதற்கு அதையே சான்றாகக் காட்டினார். இரண்டு மக்கள் ஒரே வேரைப் பார்த்து ஒரே உவமையைச் சொன்னார்கள் என்பதே இன்று எங்களுக்குப் போதும்.

பிறகு நடந்தது பேராசை. வேர் சீனாவுக்குக் கப்பலேறி நல்ல விலைக்குப் போனது. கண்டவர் எல்லாரும் காட்டுக்குள் இறங்கினார்கள். பருவம் பாராமல் கிண்டி, அவசரத்தில் அடுப்பில் காயவைத்து அனுப்பினார்கள். தரம் கெட்டது, சீன வியாபாரிகள் கைவிட்டார்கள், 1750களில் வியாபாரம் விழுந்தது. காட்டு ஜின்செங் இன்று கனடாவில் அழியும் ஆபத்திலுள்ள இனமாகச் சட்டப் பட்டியலில் இருக்கிறது. கடையில் கிடைப்பது பயிரிட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். ‘சைபீரிய ஜின்செங்’ என்று விற்கப்படுவது வேறு செடி. உண்மையான ஜின்செங் வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளின் வேலையைக் குழப்பக்கூடும். வீட்டில் பெரியவர்கள் அப்படி மருந்து எடுத்தால், வாங்குவதற்கு முன் மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெயரைப் பார்த்து ஏமாந்தால் அது உச்சரிப்புப் பிழையைவிடப் பெரிய பிழை.

உண்மையான எழுத்துப் பிழைக்கும் உதாரணம் உண்டு. அது கிங்கோ. விசிறிபோல் இலை விரித்து, இலையுதிர் காலத்தில் மஞ்சளாய்க் கொட்டும் அந்த மரத்தை மொன்றியல் தெருக்களில் பார்த்திருப்பீர்கள். சீனத்தில் ‘யின்-ஷிங்’, வெள்ளி அப்ரிகொட் என்று பொருள் கொள்ளலாம். ஜப்பானியர் அதே எழுத்துகளை ‘கின்-க்யோ’ என்று வாசித்தார்கள். நாகசாகியில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இருந்த கெம்ப்ஃபர், 1712இல் வெளிவந்த நூலில் ஒரு எழுத்து மாறி அதைப் பதித்துவிட்டார் என்பது பெரும்பாலோர் கருத்து. லின்னேயஸ் 1771இல் அதையே அறிவியல் பெயராக்கினார். தாவரவியல் விதிப்படி முதலில் பதிந்த பெயருக்கே முன்னுரிமை. எனவே அந்த எழுத்து அப்படியே நிலைத்துவிட்டது.

சரி, மற்றவர் பெயரைப் பற்றி இவ்வளவு கதைக்கிறோம். எங்கள் பெயர்களுக்கு என்ன நடந்தது? மாங்காய் போர்த்துக்கேயர் வாயில் ‘மாங்கா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘மாங்கோ’ ஆனது. வெட்டிவேர் பிரெஞ்சில் ‘வெத்திவேர்’ ஆகி வாசனைத் திரவியக் கடையில் நிற்கிறது. முருங்கை ‘மொரிங்கா’ ஆகி, பச்சைத் தூளாகச் சுகாதாரக் கடையில் விலை ஏறிக் கிடக்கிறது. அதை வாங்கிக் குடிக்கும் எங்கட பிள்ளையள் சிலருக்கு, அம்மா சமைத்த முருங்கைக்காய்க் குழம்பும் அதுவும் ஒரே மரம் என்று தெரியாது. ‘மொரிங்கா’ என்று ஒருவர் சொல்வதில் நட்டமில்லை. அது முருங்கை என்று சொல்ல வீட்டில் ஆளில்லாமல் போவதுதான் நட்டம்.

ஆனால் செடியின் பெயரும் ஆளின் பெயரும் ஒன்றல்ல. கோவாவை எப்படிக் கூப்பிட்டாலும் அதற்கு வலிக்காது. வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போது தன் பெயர் வரப்போகிறது என்று தெரிந்து, ஆசிரியர் தடுமாறும் முன்பே “இங்கே” என்று கையை உயர்த்தும் பிள்ளைக்கு வலிக்கும். யாழினி ‘யாலி’யாகவும், திருச்செல்வம் ‘திரு’வாகவும் சுருங்குவது அந்த வலியைத் தவிர்க்கத்தான். எங்களோடு அதே வகுப்பில் இருக்கும் சீனப் பிள்ளை, வீட்டில் ஒரு பெயரும் பள்ளியில் ‘கெவின்’ என்றும் இருப்பதும் அதே காரணத்தால்தான். எங்கள் பெயரைச் சரியாகச் சொல்லவேண்டும் என்று கேட்கும் நாங்கள், பக்கத்து மேசையில் இருப்பவரின் பெயரைச் சரியாகக் கேட்டிருக்கிறோமா?

இதற்குப் பட்டியலும் அகராதியும் தேவையில்லை. அடுத்தமுறை அந்தக் கடையில் கீரை வாங்கும்போது காசாளரிடம், உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் கன்ரனீஸில் சொல்வார், இன்னொருவர் மண்டரினில், மற்றவர் வியட்நாமிய மொழியில். எல்லாம் சரி. பிறகு அவர் முருங்கைக்காயைக் காட்டி இது என்ன என்று திருப்பிக் கேட்டால், ‘மொரிங்கா’ என்று சொல்லாதீர்கள். முருங்கை என்றே சொல்லுங்கள். இரண்டாம் தடவையில் அவருக்கும் வந்துவிடும்.