நாடி பார்க்கும் கருவி... நமக்கு எது?

காலை ஆறரை மணி. நாகேஸ்வர ராவ் பூங்காவில் மூன்றாவது சுற்று. கையிலிருந்த புதுக் கடிகாரத்தைப் பார்த்தேன். 98 என்று காட்டியது. மணி அல்ல, என் நாடித் துடிப்பு!

பிறந்த நாளுக்கு என் பெண் வாங்கிக் கொடுத்த கடிகாரம் அது. எத்தனை அடி நடந்தேன், எத்தனை மணி நேரம் தூங்கினேன், நாடி நிமிஷத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கும். “அம்மா, உன் வயசு 54. 220-லேருந்து வயசைக் கழிச்சா 166. அதுல நூத்துக்கு எழுபதுன்னா 116. நடக்கும்போது அதைத் தொடணும். அப்பதான் அது எக்ஸர்சைஸ்” என்று சொல்லிக் கொடுத்திருந்தாள்.

ஐந்து நாளாக நடக்கிறேன், நூறையே தாண்டவில்லை. அன்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டு ஏறக்குறைய ஓடினேன். 101... 103... திடீரென்று கண் இருட்டியது. பக்கத்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், எழுந்திருக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. யாரோ ஒரு புண்ணியவதி தண்ணீர் கொடுத்தாள்.

அன்று சாயங்காலமே எங்கள் டாக்டரம்மாவிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பி.பி.க்கு என்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?”

“மெட்டப்ரலால்.”

“அந்த மாத்திரையோட வேலையே இதயத்தை நிதானமா துடிக்க வைக்கிறதுதான். ஒரு காலால பிரேக்கை அழுத்திக்கிட்டு, இன்னொரு காலால ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா வண்டி என்னம்மா பண்ணும்?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. பிறகு ஒரு மாதம் நான் விசாரித்ததையும், படித்ததையும், வீட்டில் சோதித்துப் பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். இப்போது வீட்டுக்கு வீடு இந்தக் கடிகாரம் வந்துவிட்டது. என்னைப் போல் இன்னொரு சகோதரி பெஞ்சைத் தேட வேண்டாம், பாருங்கள்!

முதல் கருவி, நம் விரல்

கடைக்குப் போவதற்கு முன்னால் நாடி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். உள்ளங்கையை மேலே திருப்பி, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மறு கையின் நடு மூன்று விரல்களை மெதுவாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. அதற்கே ஒரு துடிப்பு உண்டு, கணக்குக் குழம்பிவிடும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். துடிப்பு சீராக இல்லாமல் விட்டு விட்டு வந்தால் முழு நிமிஷமும் எண்ண வேண்டும், டாக்டரிடமும் சொல்ல வேண்டும்.

ஓய்வாக இருக்கும்போது பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இருப்பது வழக்கம். காய்ச்சல், ரத்த சோகை, தைராய்டு கோளாறு, ஏன், ஒரு டம்ளர் ஸ்ட்ராங் காபிகூட அதை ஏற்றிவிடும். நடந்து நின்றவுடன் பார்ப்பதானால் உடனே 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும்.

நாடியை எண்ணக் கடிகாரம் தேடியது இன்று நேற்றல்ல. 1707-இல் இங்கிலாந்தில் சர் ஜான் ஃப்ளாயர் என்ற மருத்துவர், சரியாக ஒரு நிமிஷம் ஓடும் கடிகாரத்தை வைத்து நாடியை எண்ணுவது பற்றிப் புத்தகமே எழுதினார். உடற்பயிற்சியின் நடுவே, நிற்காமலே பார்க்கும் வசதி வந்தது வெகு காலம் கழித்துத்தான். 1977-இல் ஃபின்லாந்தில் தொடங்கிய போலார் நிறுவனம், மார்பில் பட்டையும் கையில் கடிகாரமுமாக, கம்பி இணைப்பே இல்லாத கருவியை 1982-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. பனிச்சறுக்கு வீரர்கள் போன்ற பந்தயக்காரர்களுக்கென்று பிறந்த சாமான், இன்று நம் சமையலறை வரை வந்திருக்கிறது.

அந்த 220 கணக்கு

என் பெண் சொன்ன 220 கணக்கு 1971 முதல் புழக்கத்தில் இருக்கிறது. போடச் சுலபம், அதனால் நிலைத்துவிட்டது. ஆனால் அது சராசரிக் கணக்குதான். ஒரே வயதுள்ள இருவருக்குள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடவோ குறையவோ இருப்பது சகஜம்.

பெண்களுக்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது தெரியுமா? அமெரிக்காவில் ஐயாயிரத்துக்கும் அதிகமான பெண்களைச் சோதித்து, டாக்டர் மார்த்தா குலாட்டியும் அவருடைய குழுவினரும் 2010-இல் வெளியிட்டது. வயதை 0.88-ஆல் பெருக்கி, 206-லிருந்து கழிக்க வேண்டும். 54 வயதுக்கு 158 வருகிறது. பழைய கணக்கில் 166! மிதமான பயிற்சி என்பது இந்த உச்சத்தில் நூற்றுக்கு 50 முதல் 70 வரை. அதாவது 79 முதல் 111 வரை. நான் 98-இல் நடந்ததே போதுமானதாக இருந்திருக்கும்!

ஆனால், மெட்டப்ரலால், அடினலால், ப்ரொப்ரனலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கும் பொருந்தாது. ப்ரொப்ரனலாலை ஒற்றைத் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும்கூடக் கொடுப்பார்கள். ‘எனக்குத்தான் பி.பி. இல்லையே’ என்று இருந்துவிட வேண்டாம். மாத்திரை அட்டையை எடுத்துப் போய், எந்த எண்வரை போகலாம் என்று டாக்டரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணுக்காக மாத்திரையை நாமே நிறுத்துவது பேராபத்து.

எல்லாருக்கும் பொருந்தும் ஒரு சோதனையை டாக்டரம்மா சொன்னார். “நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.” கர்ப்பிணிகளுக்கும், அவர்களுடைய டாக்டர் நடக்கலாம் என்று சொன்ன பிறகு, எண்ணைவிட இந்தப் பேச்சுச் சோதனையே நல்லது.

கடையில் நான் கண்டவை

கடைக்காரப் பையன், “மேடம், இதுல நூறு ஸ்போர்ட்ஸ் மோட் இருக்கு” என்று ஆரம்பித்தான். “தம்பி, எனக்குத் தெரிஞ்ச ஸ்போர்ட்ஸ் நடக்கறது ஒண்ணுதான்” என்றேன். சிரித்துவிட்டு நாலு வகையையும் எடுத்துப் போட்டான்.

*விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர்:* 2020, 2021-இல் கொரோனா பயத்தில் வாங்கியது பல வீடுகளில் அலமாரியில் தூங்குகிறதே, அதேதான். நாடியையும் காட்டும். ஆனால் உட்கார்ந்த நிலையில்தான். விரல் ஆடினால் பயனில்லை. குளிர்ந்த விரலும் நகப்பூச்சும்கூட அதை ஏமாற்றும். நடைப் பயிற்சிக்கு உதவாது என்றாலும், புதுக் கருவியைச் சரிபார்க்க நல்ல சாட்சி.

*கைக்கடிகாரம்:* பின்பக்கம் பச்சை வெளிச்சம் மின்னுகிறது, பார்த்திருப்பீர்கள். ரத்தம் அந்தப் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். அதை வைத்துத்தான் எண்ணிக்கை. நாள் முழுக்கப் போட்டுக்கொள்ளலாம், நிதான நடைக்குப் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் தளர்ந்திருந்தாலோ, கையை வீசி வேகமாக நடந்தாலோ, மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தாலோ தவறு வரும்.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். ஒரு நாள் என் கணவர் தம்முடைய கடிகாரத்தைப் பார்த்து, “118! பார்த்தியா என் வேகத்தை?” என்று பெருமையடித்தார். “கொஞ்சம் நில்லுங்க” என்று கையைப் பிடித்து விரலால் எண்ணினேன். 96! அவர் நிமிஷத்துக்குச் சுமார் 118 அடி வைத்து நடந்திருக்கிறார். கை வீச்சின் தாளத்தையே நாடி என்று எடுத்துக்கொண்டது கடிகாரம்! அதிலிருந்து வாட்ச்சை மணிக்கட்டு எலும்புக்கு ஒன்றிரண்டு விரல் மேலே தள்ளி, நடக்கும்போது மட்டும் ஒரு துளை இறுக்கிக் கட்டிக்கொள்கிறார். இப்போது பரவாயில்லை. நம் வளையல்களும் அதை இடித்து நகர்த்தும். அந்தக் கையில் வளையலைக் கழற்றிவிடுங்கள், அல்லது கடிகாரத்தை மறு கைக்கு மாற்றுங்கள்.

*மார்புப் பட்டை:* இது ஒளியைப் பார்ப்பதில்லை. ஈ.சி.ஜி. மாதிரி, இதயத்தின் மின்துடிப்பையே நேராக எடுக்கிறது. ஓட்டம், ஸ்கிப்பிங், சட்டென்று கூடிக் குறையும் கடும் பயிற்சி எல்லாவற்றுக்கும் இதுதான் நம்பகமானது. மார்பகத்துக்குக் கீழே, தோலை ஒட்டிக் கட்ட வேண்டும். பட்டையின் உட்புறத்தைத் தண்ணீரால் நனைக்காவிட்டால் முதல் சில நிமிஷங்கள் தாறுமாறாகக் காட்டும். பலவற்றில் எண் தெரியாது, கைபேசியிலோ ஒத்துப் போகும் கடிகாரத்திலோதான் தெரியும். உங்கள் போனுடன் சேருமா என்று கடையிலேயே இணைத்துப் பாருங்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மார்புப் பட்டையோ ஸ்மார்ட் வாட்ச்சோ, எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

*கைப் பட்டை:* இதுவும் ஒளியில் வேலை செய்வதுதான். ஆனால் முழங்கைக்குச் சற்றுக் கீழேயோ மேல்கையிலோ கட்டுவது. அங்கே சதைப்பிடிப்பு உண்டு, ஆட்டமும் குறைவு. அதனால் மணிக்கட்டைவிட நிலையாகக் காட்டும். மார்பில் கட்டப் பிடிக்காதவர்களுக்கு ஏற்றது.

வாங்கும் முன் கேளுங்கள்

கண்ணாடி இல்லாமல் எண் தெரிகிறதா? டாக்டர் சொன்ன எண்ணைத் தாண்டினால் அதிர்வு கொடுக்குமா? பட்டை உங்கள் அளவுக்குப் பொருந்துகிறதா, தனியாக மாற்றுப் பட்டை கிடைக்குமா? பாட்டரி சார்ஜ் செய்வதா, நாமே மாற்றும் பட்டன் செல்லா? வியர்வையும் தண்ணீரும் தாங்குமா? பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா?

வீட்டுக்கு வந்ததும் மூன்று முறை சோதியுங்கள். உட்கார்ந்தபடி ஒரு தடவை, நடந்து நின்றவுடன் ஒரு தடவை, மாடிப்படி ஏறி நின்றவுடன் ஒரு தடவை. ஒவ்வொரு முறையும் விரலால் எண்ணி ஒப்பிடுங்கள். ஐந்துக்குள் வித்தியாசம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் பத்து, இருபது என்று தள்ளிப் போனால் திருப்பிக் கொடுத்துவிடுவதே மேல். உபயோகித்த பின் பட்டையை அலசிக் காய வைக்க மறக்காதீர்கள். வியர்வையும் சோப்பும் தங்கினால் தோல் தடித்து அரிக்கும்.

எங்கள் வீட்டில் கடைசியில் மூன்று பேருக்கு மூன்று விதமாக முடிந்தது. கணவருக்குப் பழைய கைக்கடிகாரமே போதும். மாரத்தான் ஓடத் தயார் செய்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு மார்புப் பட்டை. எனக்குக் கைப் பட்டை. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த உச்ச எண் 105. அதைத் தொட்டால் என் போன் அதிர்கிறது, நான் வேகத்தைக் குறைக்கிறேன். முன்பு எண்ணைத் துரத்தினேன், இப்போது அது எனக்கு வேலி!

எண் சொல்லாதது

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. சென்ற ஆண்டு என் அக்கா காய்கறிப் பையுடன் மாடி ஏறியபோது தாடையில் வலி, முதுகில் ஒரு பாரம், குப்பென்று வியர்வை. குமட்டலும் சேர்ந்துகொண்டது. மார்பில் வலியே இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள். 88. “நாடி சரியாத்தானே இருக்கு, வாயுவா இருக்கும்” என்று படுத்துக்கொண்டாள். அவளுடைய மருமகள்தான் கேட்கவில்லை. “அத்தை, வாட்ச் என்ன வேணா சொல்லட்டும். உங்க முகம் சரியில்லை” என்று உடனே 108-க்கு போன் செய்தாள். மாரடைப்பு! அன்றே ஸ்டென்ட் வைத்தார்கள். இன்று அக்கா நன்றாக இருக்கிறாள்.

நாடி எத்தனை என்றுதான் இந்தக் கருவிகள் எண்ணும். ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று அவற்றுக்குத் தெரியாது. அதிலும் பெண்களுக்கு மாரடைப்பு மார்புவலியாக மட்டும் வருவதில்லை. தாடை, கழுத்து, முதுகு, தோள் வலி, மூச்சுத் திணறல், குமட்டல், காரணமில்லாத அசதி என்றும் வரும். அப்படி வந்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

இன்று காலை மூன்று சுற்று நடந்தேன். கூடவே வந்த சிநேகிதியிடம் வத்தக்குழம்புப் பக்குவம் சொல்லிக்கொண்டே. நடுவில் ஒரு தடவை போனைப் பார்த்தேன். 97. போதும் என்று மறுபடி பையில் போட்டுக்கொண்டேன்.