அறுபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே ஓர் அடிதடி

2018 செப்டம்பரில் ஜப்பானின் காப்காம் நிறுவனம் தன்னுடைய பழைய அடிதடி கேம்கள் ஏழைத் தூசு தட்டி ஒரே தொகுப்பாக வெளியிட்டது. ஃபைனல் ஃபைட், கேப்டன் கமாண்டோ, கிங் ஆஃப் டிராகன்ஸ், நைட்ஸ் ஆஃப் தி ரவுண்ட், வாரியர்ஸ் ஆஃப் ஃபேட், ஆர்மர்டு வாரியர்ஸ், பேட்டில் சர்க்யூட். எல்லாமே 1989 முதல் 1997 வரை வீடியோ கேம் கடைகளில் காசு தின்ற ஆட்டங்கள். பர்கூரிலோ கிருஷ்ணகிரியிலோ அந்தக் காலத்தில் ஜாய்ஸ்டிக் பிடித்த ஒருவர் இந்தப் பட்டியலைப் படித்தால், முதலில் உறைப்பது அதில் இல்லாத ஒரு பெயர்தான்: முஸ்தபா.

அந்த கேமின் சொந்தப் பெயர் ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’. காப்காம் 1993இல் வெளியிட்டது. ஜாக், ஹன்னா, முஸ்தபா, மெஸ் ஆகிய நான்கு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, டைனோசர்களை வேட்டையாடும் கும்பலை எட்டுக் கட்டங்களில் அடித்து நொறுக்க வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று பேர் ஆடலாம். நால்வரில் வேகமானவர் முஸ்தபா. ஜாய்ஸ்டிக்கை முன்பக்கம் இரண்டு தட்டு தட்டி ஓடவிட்டு உதைத்தால், வரிசையாக நிற்பவர்கள் மொத்தமாகச் சாய்வார்கள். இந்தியாவில் கேமுக்கே அவர் பெயர் நிலைத்துப்போனது.

தொகுப்பில் அது இல்லாததற்கு உரிமைச் சிக்கல்தான் காரணம். கதை, மார்க் ஷுல்ட்ஸ் வரைந்த ‘ஸீனோஸோயிக் டேல்ஸ்’ என்ற அமெரிக்கப் படக்கதையிலிருந்து எடுக்கப்பட்டது. தலைப்பில் உள்ள காரின் பெயரோ ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தம். அதே 1993இல் வந்த இன்னொரு காப்காம் அடிதடியான ‘தி பனிஷர்’ மார்வெல் நிறுவனத்தின் உரிமையில் மாட்டிக்கொண்டு, 31 ஆண்டுகள் கழித்து 2024இல்தான் ஒரு தொகுப்புக்குள் வந்தது. முஸ்தபாவுக்கு அந்த யோகமும் வாய்க்கவில்லை.

ஒருவேளை வந்திருந்தாலும், இங்கே ஆடிய அதே ஆட்டம்தான் திரும்பக் கிடைத்திருக்குமா? பழைய கேம் தொகுப்பு எதை எடுத்தாலும் உள்ளே ஒரு கேள்வி இருக்கிறது: எந்த இயந்திரத்தைப் பார்த்து நகலெடுப்பது? ஜப்பானிய, அமெரிக்க இயந்திரங்களுக்கு ஆள் இருக்கிறது. இந்தியச் சிற்றூர்களில் ஓடியவை வேறு இயந்திரங்கள்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஜவுளிக்கடைகளுக்குப் பேர்போன பர்கூருக்கு, எலெக்ட்ரானிக்ஸ் சாமான் என்றால் கிட்டத்தில் இருப்பது பெங்களூரு எஸ்.பி. ரோடு, நூறு கிலோமீட்டர் சொச்சம். 1990களில் இதுபோன்ற ஊர்களின் வீடுகளுக்குள் நுழைந்த ‘டிவி கேம்’ பெட்டிகளில் பெரும்பாலானவை, நின்டென்டோவின் 1983ஆம் ஆண்டு ஃபேமிகாம் இயந்திரத்தைத் தைவானிலும் சீனாவிலும் நகலெடுத்துச் செய்தவை. ஆளுக்கொரு பெயர் ஒட்டி விற்றார்கள். உள்ளே இருந்தது அதே வகைச் சில்லு: 1.8 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஓடும் செயலி, வெறும் 2 கிலோபைட் நினைவகம்.

கூடவே வந்தது ஒரு மஞ்சள் அல்லது கறுப்பு கேசட். லேபிளில் ‘9999999 இன் 1’. திருகைக் கழற்றிப் பிரித்தால் உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் பலகை, அதன் நடுவே கறுப்புப் பிசின் சொட்டி உறைந்த ஒரு வட்டம். கால்கள் முளைத்த சில்லு எதுவும் கண்ணில் படாது. சிலிக்கன் துண்டை நேராகப் பலகையில் ஒட்டி, மேலே பிசின் ஊற்றிவிடுவார்கள், செலவு மிச்சம். பல கேம்கள் அந்த ஒரு சொட்டுக்குள் அடங்கின. மெனுவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும், பலகையிலுள்ள சிறு சுற்று அந்த கேம் இருக்கும் பகுதியை மட்டும் செயலியின் கண்ணுக்குக் காட்டும். மீதிப் பகுதிகள் இருப்பதே செயலிக்குத் தெரியாது.

லட்சக்கணக்கில் கேம் எங்கே இருந்தது? நிஜத்தில் சில டஜன் இருந்தால் பெரிது. ஒரே கேமை இரண்டாம் கட்டத்திலிருந்து ஒரு முறை, மூன்றாம் கட்டத்திலிருந்து ஒரு முறை தொடங்கவைத்துப் புதுப் பெயர் சூட்டியிருப்பார்கள். இன்று மேலைநாட்டு நிறுவனங்கள் அழகிய அட்டைப் பெட்டியில் விற்கும் ‘ரெட்ரோ தொகுப்பு’ என்ற எண்ணத்தை, திருட்டுத்தனமாகத்தான் என்றாலும், இந்த கேசட்டுகள் எப்போதோ நடைமுறைப்படுத்திவிட்டன.

அவற்றில் தவறாமல் இடம்பெற்ற அடிதடி ‘குங்ஃபூ’. ஐரெம் நிறுவனத்தின் தகாஷி நிஷியாமா 1984இல் கடை இயந்திரத்துக்காக வடிவமைத்தது. 1985இல் ஃபேமிகாமுக்கு வந்தது. ஜப்பானில் இதன் பெயர் ‘ஸ்பார்ட்டன் எக்ஸ்’. அது ஜாக்கி சான் படம் ஒன்றுக்கு அங்கே வைத்த தலைப்பு. காதலி சில்வியாவை மீட்க, ஐந்து மாடிகளில் அடியாட்களை உதைத்துக்கொண்டே போக வேண்டும். முதல் மாடி முடிவில் கம்பு வைத்திருப்பவன், இரண்டாவதில் பூமராங் வீசுபவன், மூன்றாவதில் மலைபோன்ற பயில்வான், நான்காவதில் மந்திரவாதி, கடைசியில் மிஸ்டர் எக்ஸ். சும்மா வந்து கட்டிப்பிடித்தே உயிரைக் கரைக்கும் அடியாட்களை உதற, இடதும் வலதும் பொத்தானை அழுத்தித் தள்ள வேண்டும். பழைய டிவி கேம் ரிமோட்டுகளில் திசைப் பொத்தான் முதலில் தேய்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

இந்த கேம் எல்லா கேசட்டிலும் இருந்ததற்கு அளவும் கைகொடுத்தது. மொத்தமே 40 கிலோபைட். இன்றைய வாட்ஸ்அப் புகைப்படம் ஒன்றைவிடச் சிறியது. 1988இல் ஃபேமிகாமுக்கு வந்த ‘டபுள் டிராகன்’ இதைப் போல ஆறு மடங்குக்கும் மேல். அத்தனை பெரிய கேமைக் கூட்டத்தோடு திணிப்பது கஷ்டம்.

டபுள் டிராகனை ஆடியவர்களுக்கு இன்னொரு விஷயம் நினைவிருக்கும். கடை இயந்திரத்தில் கும்பலாகப் பாய்ந்த ரவுடிகள், வீட்டில் இரண்டிரண்டு பேராகத்தான் வந்தார்கள். ஃபேமிகாமின் படச் சில்லு, திரையின் ஒரு கிடைக்கோட்டில் எட்டு நகரும் துண்டுகளை மட்டுமே வரையும். ஒவ்வொன்றும் 8 புள்ளி அகலம். ஒரு ஆளின் உடம்புக்கே இரண்டு மூன்று துண்டு தேவை. எட்டு சீட்டு ஷேர் ஆட்டோவில் ஒன்பதாவது ஆளை ஏற்ற முடியாது, அவ்வளவுதான் கணக்கு. ஆனால் நிரலாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள்: விடுபடுவது எப்போதும் ஒரே ஆளாக இல்லாமல், ஒவ்வொரு முறை திரை வரையும்போதும் வேறு ஆளை விட்டுவிட்டார்கள். எல்லோரும் மினுக்மினுக்கென்று துடிப்பார்கள், ஆனால் யாரும் முழுதாகக் காணாமல் போகமாட்டார்கள். பெட்டி கெட்டுவிட்டது என்று அந்தக் காலத்தில் பலர் அதன் தலையில் தட்டியது இந்தத் துடிப்புக்காகத்தான்.

இன்றைய கணினிக்கு இந்த எட்டு என்ற வரம்பு கிடையாது. 2022இல் வந்த நின்ஜா டர்டில்ஸ் ‘கவாபங்கா’ தொகுப்பில், பழைய கேம்களின் துடிப்பையும் மந்தத்தையும் நீக்கிக்கொள்ள அமைப்பிலேயே வழி வைத்திருக்கிறார்கள். வேண்டாதவர்கள் பழைய குறைகளோடே ஆடலாம். குறையையும் பத்திரப்படுத்துவது இந்தத் துறையில் ஒரு தனி வேலை.

பத்திரப்படுத்த ஆளில்லாமல் விட்ட குறை ஒன்று நம் பக்கம் இருக்கிறது: வேகம். ஜப்பான், அமெரிக்க டிவிகள் நொடிக்கு 60 முறை திரையை வரைந்தவை. இந்தியாவில் இருந்தது ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50. ஃபேமிகாம் கேம்கள் திரை வரையும் தாளத்துக்கே நடை, உதை, இசை எல்லாவற்றையும் கட்டிவைத்திருந்தன. 50க்கு இறக்கியதும் எல்லாம் ஆறில் ஒரு பங்கு மந்தமானது. அங்கே ஒரு நிமிடத்தில் முடியும் சண்டை இங்கே 72 நொடி ஓடியது. கத்தி வீசுபவன் கையை ஓங்குவதைப் பார்த்துக் குனிய, ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையை ஒரு முறை வரைவதற்கும், 16.7 மில்லிநொடிக்குப் பதில் 20 கிடைத்தது.

இது விரலுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிற விஷயம். 1953இல் வலிப்புக்காக மூளையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மோலேசன், அதன்பின் நடந்த எதையும் நினைவில் வைக்க முடியாமல் போனார். ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், முந்தைய நாள் வரைந்ததே நினைவில்லாமல். பிரெண்டா மில்னர் 1962இல் பதிவுசெய்த இந்த ஆய்வு, கைப்பழக்கம் மூளையில் வேறு வழியில் சேமிக்கப்படுகிறது என்பதைக் காட்டியது. சைக்கிளும் டைப்ரைட்டிங்கும் அந்தக் கணக்கில் சேரும். உதைக்கும் நேரமும்தான். 50இல் பழகிய விரல், 60இல் ஓடும் அதிகாரபூர்வத் தொகுப்பை எடுத்ததும் ஒரு மூச்சு பிந்துவது அதனால்தான். வயசாகிவிட்டது என்று பெருமூச்சு விடுவதற்கு முன் கணக்கைப் பார்க்கலாம்.

கடை இயந்திரத்தில் 50, 60 பிரச்சினை இல்லை. அது தன் சொந்த மானிட்டரோடு வந்தது. அங்கே வித்தியாசம் காசில் இருந்தது. காயின் தீர்ந்தால் திரையில் எண் ஒவ்வொன்றாக இறங்கும். பூஜ்யத்துக்குள் அடுத்த காயின் விழ வேண்டும். ஒரு காயினுக்கு எத்தனை உயிர், எதிரிக்கு எவ்வளவு பலம் என்பதைப் பல இயந்திரங்களில் உள்ளே இருக்கும் பலகையின் சிறு சுவிட்சுகளை ஏற்றி இறக்கிக் கடைக்காரரே மாற்றலாம். சுற்றி வளைக்கப்பட்டால் அடியையும் குதிப்பையும் சேர்த்து அழுத்தித் தப்பலாம். எதிரியைத் தொட்டால் அதற்கு விலை சொந்த உயிரில் கொஞ்சம். வடிவமைப்பின் ஒவ்வொரு மூலையிலும் காசு உட்கார்ந்திருந்தது. தொகுப்பில் ஒரு பொத்தானுக்கு ஒரு காயின், கணக்கே இல்லை. செத்துச் செத்து எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் கதையை முடித்துவிட்டு, இவ்வளவுதானா என்று பலர் கேட்பது அதனால்தான்.

படத்திலும் ஒரு சிக்கல் உண்டு. காப்காம் பலகை வரைந்த படம் 384க்கு 224 புள்ளி. அதை நாலுக்கு மூன்று என்ற பழைய மானிட்டர் நெருக்கிக் காட்டியது. ஓவியர்கள் அதற்கேற்பவே வரைந்தார்கள். இன்றைய திரையில் புள்ளிக்குப் புள்ளி வைத்தால் ஆட்கள் கால்பங்குக்கும் மேல் குண்டாகத் தெரிவார்கள். குத்து விழுந்த கணத்தில் அடித்தவரும் அடிபட்டவரும் சில ஃபிரேம்கள் உறைந்து நிற்பதும் இந்த வகை கேம்களின் உயிர்நாடி. அடியின் கனம் அந்த உறைவில்தான் இருக்கிறது. திரையே தாமதித்தால் பொத்தானுக்கும் உறைவுக்கும் இடையே உறவு அறுந்துவிடும்.

முஸ்தபா பலகைக்கு இன்னொரு விதியும் இருந்தது. ஒலிப் பகுதியின் நிரலைக் காப்காம் பூட்டிவைத்து, திறவுகோலை ஒரு சிறு பேட்டரியின் தயவில் விட்டிருந்தது. பேட்டரி தீர்ந்தால் பலகை படுத்துவிடும். நகலடித்தவர்கள் அந்த ஒலிப் பகுதியையே தூக்கிவிட்டு, மலிவான சில்லுகளை வைத்து வேறு ஒலி பொருத்தினார்கள். நகல் பலகையில் ஆடியவர் கேட்டது மூலத்தின் சத்தமே அல்ல.

இந்த நகலுக்கும் ஒரு காப்பகம் இருக்கிறது. இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997இல் தொடங்கிய ‘மேம்’ என்ற எமுலேட்டர், கடை இயந்திரங்களின் சில்லுகளை மென்பொருளில் மறுபடி கட்டுகிறது. 2016இல் திறந்த மூல உரிமத்துக்கு மாறியது. அதன் பட்டியலில் முஸ்தபாவின் அசல் பலகை தனியாக, நகல் பலகைகள் தனியாக. பொறியியல் கல்லூரி விடுதிகளில் சிடி வழியே முஸ்தபா சுற்றியதும் இதுபோன்ற எமுலேட்டர்களின் புண்ணியத்தில்தான். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி 1994இல் தொடங்கியது; அதன் முதல் மாணவர்கள் படித்து முடிக்கும் முன்பே மேம் வந்துவிட்டது. எமுலேட்டர் சட்டப்படி சரி. கேமின் நிரலை உரிமையில்லாமல் இறக்குவது சரியில்லை. விற்பனைக்கே இல்லாத ஒரு கேமுக்கு இந்த விதி மிகவும் கறாராகத் தோன்றும்.

2024 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரில் ரெட்ரோ எமுலேட்டர்களுக்குக் கதவு திறந்தது. அதே மாதம் டெல்டா என்ற எமுலேட்டர் ஐஃபோனுக்கு வந்தது. அந்த ஐஃபோனின் பாகங்கள் சில தயாராவதும் ஓசூர்ப் பக்கத்து டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில். எஸ்.பி. ரோட்டில் நகல் பெட்டி வாங்கிய வட்டாரம், இப்போது அசல் பெட்டியின் உடம்பைச் செய்து அனுப்புகிறது.

மறுபடி ஆட உட்காருபவர்கள் சிலவற்றைச் சரிபார்த்துக்கொள்ளலாம். திரையின் தாமதம் குறைய, டிவியில் கேம் மோடு போட வேண்டும். படத்தை நாலுக்கு மூன்றில் வைக்க வேண்டும். மூன்று காயினுக்கு மேல் கிடையாது என்று கூட ஆடுபவரோடு பேசிக்கொள்வது நல்லது. டிவி கேம் குங்ஃபூவுக்கு, மெசன் போன்ற எமுலேட்டர்களின் அமைப்பில் ‘டெண்டி’ என்று ஒரு தேர்வு இருக்கும். 1992 முதல் ரஷ்யாவில் விற்ற நகல் பெட்டியின் பெயர் அது. நொடிக்கு 50 முறை திரை வரையும் கணக்கில் ஓடும். இந்தியப் பெட்டிகளுக்கென்று தனித் தேர்வு எதிலும் இல்லை. பர்கூர் வேகத்துக்கு இப்போதைக்கு அந்த ரஷ்யப் பெயரைத்தான் அழுத்த வேண்டும்.