'மார்க்கெட் சூப்பர்'னு புரோக்கர் சொல்றாரா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படிங்க!

வருஷக் கடைசியில் சிபிஆர்இ, ஜேஎல்எல், நைட் ஃபிராங்க் மாதிரியான பெரிய புரோக்கரேஜ் நிறுவனங்கள் ஆபீஸ் மார்க்கெட் ரிப்போர்ட் வெளியிடும். 'சென்னையில் இத்தனை லட்சம் சதுர அடி வாடகைக்குப் போயிருக்கு, அடுத்த வருஷம் இன்னும் ஏறும்' என்று செய்தி வரும். உடனே உங்க ஏரியா புரோக்கர், "இன்னிக்கே அட்வான்ஸ் போட்டுடுங்க சார்" என்பார். ஸ்டார்ட்அப்புக்குச் சின்னதா ஓர் ஆபீஸ் தேடுறீங்களா? கொஞ்சம் பொறுங்க.

மொத்தமா, நிகரமா?

கிண்டியில் 1 லட்சம் சதுர அடியைக் காலி செய்த கம்பெனி, ஓ.எம்.ஆரில் அதே அளவு இடம் எடுக்குதுனு வைங்க. மொத்தக் கணக்கில் 1 லட்சம் ஏறிடும். ஆனா, நகரத்துல கூடுதலா நிரம்பியது பூஜ்யம்தான். அதனால, காலி செய்த இடத்தைக் கழித்து வரும் 'நெட் அப்சார்ப்ஷன்' எவ்வளவுன்னு பாருங்க.

சராசரி ஏமாத்தும்

நகரம் முழுக்க வாடகை ஏறினாலும், நீங்க பார்க்கும் தெருவில் நாலு மாடி காலியா கிடக்கலாம். பெரிய நிறுவனங்கள் கேட்கும் ஐடி பார்க் வேற, உங்களுக்கான 1,000 சதுர அடி வேற. டீல் முடிஞ்சாத்தான் புரோக்கருக்குக் கமிஷன். அவர் கணிப்பு எப்பவும் 'ஏறும்' பக்கமே சாயுறதுல ஆச்சர்யம் இல்லை.

நிஜ வாடகை எவ்வளவு?

1,000 சதுர அடி, சதுர அடிக்கு 60 ரூபாய், மாசம் 60,000. ஆனா, அது சூப்பர் பில்ட்-அப் ஏரியா. படிக்கட்டு, லிஃப்ட், வராண்டாவில் உங்க பங்கெல்லாம் போக உள்ளே 700 சதுர அடிதான் தேறுதுன்னா, நீங்க கொடுப்பது சதுர அடிக்கு சுமார் 86 ரூபாய். உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்னா 18% தனி. பராமரிப்புக் கட்டணமும் தனி.

கையெழுத்துக்கு முன்...

* லாக்-இன் எத்தனை வருஷம்? அதுக்குள்ள காலி செய்தால், மீதி மாச வாடகையையும் கேட்பாங்க.
* வாடகை எப்போ, எத்தனை சதவிகிதம் ஏறும்?
* இன்டீரியர் வேலை நடக்கும் நாள்களுக்கு வாடகை உண்டா?
* தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் அட்வான்ஸ் 3 மாச வாடகைதான். 10 மாசம்னு எழுதியிருந்தா, கையெழுத்துக்கு முன்பே பேசிக் குறைங்க.

கடைசியா, புரோக்கர்கிட்ட ஒரு கேள்வி: "அடுத்த வருஷம் இந்த ஏரியாவுல எத்தனை புது பில்டிங் திறக்குது?" நிறைய வருதுன்னா, பேரம் பேசும் பலம் உங்க பக்கம்!