கோடு வந்தது, கிலோ போனது!



எங்க ஊர் ஏற்காட்டை அடுத்த வாழவந்தி. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். 'கம்ப்யூட்டர் படிக்கிற பையன்' என்று ஊரில் தனி மரியாதை! அந்த மரியாதை ஒரு நாள் கப்பலேறியது.

அம்மா காப்பிப் பழம் பறிக்கும் தோட்டத்தில் எடைக் கணக்கை எக்செல்லில் போடச் சொன்னார்கள். பறித்த கிலோவுக்குத்தான் கூலி. போட்டு முடித்தேன். அம்மாவின் எடைக்கு மட்டும் சுற்றுக்கோடு விட்டுப்போயிருந்தது. மேல் கட்டத்தைக் காப்பி செய்து கீழே பேஸ்ட் செய்தேன். கோடு வந்தது. கூடவே மேலே இருந்தவரின் 38 கிலோவும் வந்து உட்கார்ந்தது. அம்மாவின் 51 கிலோ போயே போச்சு! கூலியும் தானாகக் குறைந்தது.

"எழுதப் படிக்கத் தெரியாட்டி என்னடா, நான் பறிச்சது எனக்குத் தெரியாதா?" என்றார் அம்மா. மறுபடி திருத்தினேன்.

தவறு எங்கே? ஒரு கட்டத்தில் இரண்டு சரக்கு உண்டு. ஒன்று, எண் அல்லது சூத்திரம். மற்றொன்று, கோடு, நிறம், எழுத்து ஆகிய அலங்காரம். சாதாரண பேஸ்ட் இரண்டையும் கொண்டுவரும். அலங்காரம் மட்டும் வேண்டுமானால் வழிகள் இவை:

1. கோடுள்ள கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, ஹோம் பகுதியில் உள்ள பிரஷ் படத்தை (ஃபார்மேட் பெயின்டர்) அழுத்தி, வேண்டிய கட்டத்தில் தேய்க்கவும். பல இடங்களுக்கு என்றால் பிரஷை இருமுறை தட்டவும். முடிந்ததும் எஸ்கேப்.

2. காப்பி செய்தபின் பேஸ்ட் ஸ்பெஷலில் ஃபார்மேட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

இதிலும் ஒரு எச்சரிக்கை! பிரஷ் கோட்டை மட்டும் எடுக்காது. அலங்காரம் முழுவதையும் எடுக்கும். தேதிக் கட்டத்திலிருந்து எடுத்து 51 மேல் தேய்த்தால், அது 1900 பிப்ரவரி 20 என்று காட்டும். பயப்பட வேண்டாம், உள்ளே 51 பத்திரமாகவே இருக்கும். பேஸ்ட் ஸ்பெஷலில் 'கோடு தவிர மற்ற எல்லாம்' என்ற வசதி உண்டு. 'கோடு மட்டும்' என்பது கிடையாது. கோடு மட்டும் வேண்டுமானால் பார்டர் பட்டனில் நேராகப் போடுவதே நல்லது.

தப்பு நடந்துவிட்டால் உடனே கன்ட்ரோல் இசட்.

நண்பர்களே, நமக்கு அது ஒரு கட்டம். அதற்குள்ளே ஒருவரின் ஒரு நாள் உழைப்பு இருக்கிறது. கோடு அழகாக இருக்கட்டும். கணக்கு சரியாக இருக்கட்டும்!

- மூன்றாம் ஆண்டு மாணவன், கணினித் துறை