ஆடிக் காற்றும் பருத்தி நூலும்

பெங்களூரில் பருவக்காற்று வலுக்கும் ஆனி, ஆடி மாதங்களில் மொட்டை மாடிகளிலிருந்து பட்டங்கள் எழும். கன்னடத்தில் அவை ‘காளிபட’. வீட்டிலேயே செய்ய, சதுரமான மெல்லிய தாளும் இரு மூங்கில் குச்சிகளும் பசையும் போதும். செய்தித்தாளும் உதவும், கனம் சற்று மிகும், அவ்வளவே. ஒரு குச்சி மூலைவிட்டமாக நிமிர்ந்து நிற்க, மற்றது வில்லாக வளைய வேண்டும்.

கைத்திறன் முழுவதும் சூத்திரம் கட்டுவதில் உள்ளது. மேல் முடிச்சிலிருந்தும் கீழ் முடிச்சிலிருந்தும் வரும் நூல்களின் அளவு பிசகினால் பட்டம் சுழன்று விழும். வால் சேர்த்தால் தடுமாற்றம் அடங்கும்.

பறக்கவிடக் கண்ணாடித்தூள் பூசாத பருத்தி நூலே தகும். நைலான் முதலிய செயற்கை இழை மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் நாடெங்கும் தடைசெய்தது. கிளையில் சிக்கிய நைலான் எளிதில் மக்காது. பட்டம் கிழிந்த பின்னும் பருந்தின் சிறகை அறுக்கும், சாலையில் தொங்கினால் இருசக்கர வாகனத்தில் செல்வோரின் கழுத்தையும்.